முதல் ஆளாக

நாலைந்து நாள் பயணமாக, திமிங்கிலம் பார்க்கப் பம்பாயிலிருந்து மால்வண் கடலுக்குப் புறப்பட்டது பணக்கார சேட்ஜி ஒருவரின் படகு. விருந்தாளிகளுக்குத் துணையாக நீந்த, தாராவி வேதமுத்துவை அமர்த்தியிருந்தார்கள்.

திமிங்கிலம் தலைகாட்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள். வேதமுத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பாறைகளருகே படகு நின்றால் போதும், நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தார். மூச்சு முட்டும்வரை மேலே வரவில்லை.

"நம்மைவிட இவனுக்குத்தான் ஆசை அதிகம்!" என்று விருந்தாளிகள் சிரித்தார்கள்.

சேட்ஜியின் மானேஜர் திருவேங்கடம் அவரைத் தனியே அழைத்தார்.

"என்னய்யா இது? மீன் பாக்க வந்தது அவாளா, நீயா?"

"மீன் பாக்கல சார். போன மழையில எம் மவன் வந்த படகு இங்கனதான் முங்கிச்சு. மத்தவங்க பொணம்லாம் கெடச்சுது, அவந்தான் கெடைக்கல. இங்க வாரதுக்கு எனக்கு வேற வழி இல்ல. அதான் இந்த வேலைக்கு வந்தேன். ஒரு எலும்பாவது கெடச்சா, கல்லறையில வைக்கலாம்லா?"

திருவேங்கடத்தின் முகம் வெளுத்தது. பிறகு விருந்தாளிகள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவாகிட்ட சொல்லிடாதே. அப்புறம் யாரும் தண்ணியிலே எறங்க மாட்டா."