கருமண் காட்டுத் தைலம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு மூக்கு எதற்கு இருக்கிறதென்றே தெரியவில்லை. தாளில் அச்சடித்து வந்தால் எதையும் நம்பிவிடுகிறார்கள்.

தைலம் வாங்குகிற கம்பெனி ஆள் அப்படியொரு தாளைத்தான் நீட்டினான். இரண்டு காட்டுத் தைலமும் சுத்தம்தானாம். மண் வேறு என்பதால் வாசம் வேறாம்.

பெரியவருக்குப் படிக்கத் தெரியாது. நம்பவும் தெரியாது.

தழையைக் காய்ச்சித் தைலம் எடுக்கிற ரோஸ்மேரி, ஒரே தாய்ச்செடியில் ஒடித்து நட்டது. அவர் காட்டிலும் அதுதான், செத்துப்போன தம்பியின் பெண்சாதி வெள்ளத்தாய் காட்டிலும் அதுதான். நடுவில் ஒரு வரப்பு.

அவர் தைலத்தில் தழை வாசம். அவள் தைலத்தில் கற்பூரம்.

ஊர்த் தைலமெல்லாம் ஒரே கேனில் ஊற்றித்தான் கம்பெனிக்குப் போகும். போன அறுப்பில் அவள் பாட்டிலைத் திறந்தபோது அவர்தான் தடுத்தார். பத்துப் பேர் முன்னால்.

"சாமிக்கு வாங்குன கற்பூரத்தக் கரைச்சு ஊத்துறா. இவ தைலம் சேரக்கூடாது."

அவள் பாட்டிலை முந்தானையில் பொத்திக்கொண்டு போனாள். அதற்கப்புறம் கடையில் கற்பூரம் கேட்டால், "சாமிக்கா, தைலத்துக்கா?" என்று சிரித்தார்கள்.

அந்தத் தாளைப் பொய்யாக்க, இன்று ஊர் பார்க்க அவரே அவள் காட்டில் இறங்கித் தழை அறுத்தார். தைலம் காய்ச்சுகிற அண்டாவை அவரே சாம்பல் போட்டுத் தேய்த்தார். தழையை அடைத்து, மூடி, விறகைத் தள்ளினார். அவளைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்.

குழாய் சொட்டியது. தண்ணீர்மேல் தைலம் திரண்டது.

விரலை நனைத்து மூக்கருகே கொண்டுபோனார்.

கற்பூரம்.

இன்னொரு தடவை முகர்ந்தார்.

"அண்டாவுல பழசு ஒட்டியிருக்கும்."

"கழுவுனது யாரு, மாமா?"

சுற்றி நின்றவர்களில் ஒருவன் கனைத்தான்.

அவர் தலை நிமிரவில்லை. தைலத்தைப் பாட்டிலில் பிடித்தார். ஊர்க் கேனின் மூடியைத் தானே திருகி, தானே ஊற்றினார். கொஞ்சம் வெளியே வழிந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.



துண்டை உதறித் தோளில் போட்டார். தெரு வழியே போகவில்லை. சரிவில் இறங்கினார்.

அவள் காட்டு ஓரத்தில் குனிந்து ஒரு பிடி அள்ளினார். கருமண். எந்நேரமும் ஈரம் கோத்துக் கிடக்கிற மண்.

பாகம் பிரித்த அன்றும் இப்படித்தான் அள்ளிப் பார்த்தார். ஆகாத மண் என்று தம்பி பக்கம் தள்ளிவிட்டு, செம்மண் மேட்டைத் தனக்கு எடுத்துக்கொண்டார்.

முகர்ந்தார்.

வெறும் மண். இதில் எங்கே இருக்கிறது கற்பூரம்?

கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே மேட்டில் ஏறினார்.