வாசலோடு நின்ற மாமா

"மாமா, உள்ளுக்கு வாங்கோ. ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வருவம்."

"நான் இதிலை நிக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லு."

கேட்டது மருமகள் ஜெனிற்றா. வைத்திலிங்கம் பதில் சொன்னதோ பக்கத்தில் நின்ற தன் மனைவிக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்திறங்கிய நாள் முதல் மாமனாரின் பேச்செல்லாம் இப்படி மாமியைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது.

நகரத்தின் பெரிய தேவாலயம் அது. உலகமே வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறது. மனிதர் படியைக்கூட மிதிக்கவில்லை. கடற்கரைக்கு வந்தார். சந்தைக்கு வந்து மீன் விலை கேட்டார். சிலுவை தெரிந்த இடத்தில் மட்டும் கால் நின்றுவிடும்.

அதையாவது பொறுக்கலாம். சாப்பாட்டு விஷயத்தில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. வந்த நாளிலிருந்து அவள் சமைத்த சோற்றில் ஒரு பருக்கை அவர் வாய்க்குள் போகவில்லை. "வயிறு சரியில்லை" என்பார். வாழைப்பழத்தைத் தானே உரித்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்.

"தோலோடை இருக்கிற சாமான் எண்டால் என்ரை கை படாதுதானே!" என்றாள் கணவன் துஷ்யந்தனிடம்.

"விடப்பா. இன்னும் பத்துப் பதினைஞ்சு நாளிலை போயிடுவார்."

"விடமாட்டன்."

விடுகிற ஆள் இல்லை ஜெனிற்றா. அவள் கிறிஸ்தவப் பெண் என்பதால், 'வேதக்காரியைக் கட்டினவன் என்ரை மகனில்லை' என்று சொல்லிக் கலியாணத்துக்கே வராத மனிதர் இப்போதுதான் முதல்முறை வந்திருக்கிறார். துஷ்யந்தனுக்கு உணவகச் சமையலறையில் லீவு கிடையாது. வீடு துப்பரவாக்குகிற தன் வேலைக்கு இவள்தான் லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறாள். ஒரு நாளாவது அந்த வாயால் "பிள்ளை" என்று கூப்பிட வைக்காமல் அனுப்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை சாந்தா ரோசாலியா மலைக்குக் கூட்டிக்கொண்டு போறன். அங்கை அவர் கால் வைக்காமல் நான் கீழை இறங்கமாட்டன்."

நோய் தீர்க்கும் புனிதை ரோசாலியாவின் குகைக் கோயில் இருக்கிற மலை; பலெர்மோத் தமிழர் சைவமென்ன, வேதமென்ன, எல்லோரும் போகிற இடம் அது. ஜெனிற்றாவுக்கு இன்னும் ஒருபடி மேல். தொற்றுநோய்க் காலத்தில் மூச்சு மெசினில் கிடந்து, டாக்டர்களே கைவிரித்த பிறகு பிழைத்து வந்தவள். அன்றிலிருந்து ஞாயிறு தவறியதில்லை.

மலையடிவாரத்தில் பஸ் வந்து நின்றது.

"ரெண்டு பேரும் இதிலை போங்கோ எண்டு சொல்லு" என்றார் வைத்திலிங்கம்.

ஜெனிற்றாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் தொட்டதைத் தின்னமாட்டியள். நான் கும்பிடுறதைப் பாக்கமாட்டியள். பிறகென்னத்துக்கு மாமா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தனீங்கள்?"

அவர் மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ வா பிள்ளை. அந்தாளோடை நான் நாப்பது வரியமாய்ப் படுற பாடு எனக்கெல்லோ தெரியும்" என்று மாமி அவளை இழுத்து பஸ்ஸில் ஏற்றினாள்.

மேலே குகைக் கோயிலில் பூசை முடியும்வரை ஜெனிற்றா முழங்காலில் இருந்தாள். 'தாயே, அந்தக் கிழவனுக்குக் கொஞ்சம் நல்ல புத்தியைக் குடு' என்பதற்கு மேல் வேறு மன்றாட்டு வரவில்லை.

வாசலில் ஒரே சத்தம். ஜெனிற்றா திரும்பிப் பார்த்தாள்.

வேட்டி கட்டிய ஒரு கிழவரைக் காவலாளி கையை விரித்து மறித்துக்கொண்டு கத்துகிறான். கிழவரின் உடம்பெல்லாம் வியர்வை. காலில் செருப்பில்லை, பெருவிரலில் இரத்தம். சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டியிருக்கிறார். பெண்கள் தோள் தெரிய வந்தாலே போர்த்திக்கொள்ளச் சொல்கிற இடத்தில் வெறும் மேலோடு வைத்திலிங்கம்!

சண்டைக்கே வந்துவிட்டாரா? ஓடினாள்.

"மாமா! சேட்டைப் போடுங்கோ! என்ன வேலை இது?"

"கோயிலுக்குள்ளை சேட்டோடை போறதோ? இதென்ன ஊர் வழக்கம்?"

முதன்முறையாக அவளுக்கே நேராகச் சொன்ன பதில். காவலாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சேட்டை அவிழ்த்து அவள்தான் அவருக்கு மாட்டிவிட்டாள்.

"இவ்வளவு மலையும் வெறுங்காலோடை நடந்தோ வந்தனீங்கள்?"

"நேர்த்திக்கடன், பிள்ளை. நடந்து ஏறிக் குடுக்கிறன் எண்டு சொன்னனான். இந்த மண்ணிலை இறங்கினால், அதைக் குடுக்குமட்டும் சோறு தொடுறேல்லை, வேறை கோயில் படி மிதிக்கிறேல்லை எண்டும் சொன்னனான்."

"எனக்கொரு வார்த்தை சொல்லேல்லையே!" என்று மாமி மூக்கைச் சிந்தினாள்.

"நேர்த்தியைப் பறை தட்டியே சொல்லுறது?"

இத்தனை நாளும் மனசுக்குள் அவரைத் திட்டிய திட்டையெல்லாம் நினைத்தபடி ஜெனிற்றா குனிந்து அவர் விரலின் இரத்தத்தைத் துடைத்தாள். என்ன இருந்தாலும் பெற்ற பாசம். மகனுக்காக இவ்வளவு செய்திருக்கிறார்.

"அவருக்கு என்ன வந்தது மாமா? எனக்குத் தெரியாமல் ஏதும் வருத்தமோ?"

வைத்திலிங்கம் வேட்டி மடியிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நேர்த்திக்குக் காணிக்கையாகக் கொடுக்கிற, விரல் நீளத்தில் வெள்ளியில் செய்த ஒரு பெண் உருவம்.

"அவனுக்கெண்டால் நான் எங்கடை நல்லூர் முருகனிட்டையே கேட்டிருப்பன். உனக்கு உயிர் கேக்கிறதெண்டால், உன்ரை ஆளிட்டைத்தானே பிள்ளை வரவேணும்?"