விளம்பரக் கைகள்

"இதென்ன தங்கச்சி, கையோ? மேசன் வேலைக்குப் போறனீங்களோ?"

மருதானை ஸ்டூடியோவில் கைக் கிறீம் விளம்பரத்துக்கு வந்திருந்த றஷ்மியின் விரல்களைப் பார்த்து, போட்டோ எடுக்கும் கிளைவ் முகம் சுளித்தான். சுண்டுவிரல் கோணியிருந்தது. கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது.

"வேலையில பட்ட அடி அண்ணா."

"இந்தக் கையைப் பாத்தா ஆர் கிறீம் வாங்குவினம்? முகம் உங்கடயாவே இருக்கட்டும். கைக்கு வேற பிள்ளை வருது."

வந்தவளின் கைகள், ஒரு நாளும் ஒரு கோப்பைகூடக் கழுவாத கைகள். கிளைவ் உருகிப்போனான்.

"இதல்லோ கை!"

"அப்ப என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்றாள் றஷ்மி.

"உங்கட பேருக்கு."

அடுத்த மாதம் கொட்டாஞ்சேனைச் சந்தியில் பெரிய பலகை ஏறியது. பஸ்ஸுக்கு நின்ற றஷ்மியின் அம்மா அதைச் சத்தமாக வாசித்தாள்.

"நாட்டின் கோல்கீப்பர் றஷ்மி! எத்தனையோ பெனால்டிகளைத் தடுத்த கைகளின் இரகசியம், எங்கள் கிறீம்!"

பலகையில் றஷ்மியின் முகம் சிரித்தது. அதன் கீழே இரண்டு வெண்ணெய்க் கைகள், பூத்தட்டு ஏந்துவதுபோல் ஒரு பந்தை ஏந்தியிருந்தன.

"ஆர்ட கை மகள் இது?"

"தெரியாதம்மா. ஆனா இப்பிடிப் பந்து பிடிச்சா, முதல் அடியிலயே மூக்கு உடையும்."