காலில் ஒட்டிய பொய்

"காலை உதறாதடி. அவரு வர்றதுக்குள்ள எல்லாருக்கும் பூசி முடிக்கணும்" என்று அதட்டிக்கொண்டே, குழைத்த மஞ்சளை அவள் காலில் தடவினாள் அந்த அம்மா. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடையாய் நடந்துகொண்டிருந்த அவள் கணவன், சீக்கிரம், சீக்கிரம் என்று உயிரை எடுத்தான்.

பூசிக்கொண்டவள் 'கொக்' என்று கத்திவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடினாள். கொட்டகை நிறைய பிராய்லர் கோழிகள்.

தீவன விலை எகிறியதும், கொல்லையில் விளைந்த மரவள்ளிக்கிழங்கைச் சீவிக் காயவைத்து அரைத்துப் போடலாம் என்றது மனைவிதான். கோழிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. ஆனால் மக்காச்சோளம் தின்னாத குறை காலில் தெரிந்தது. மஞ்சளாக இருக்க வேண்டிய கால்கள் வெளுத்துப் போயின.

முதலில் வந்த வியாபாரி, சீக்குக் கோழி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இன்று வருகிறவரும் கைவிரித்தால் கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான். மஞ்சள் பூசுவது கணவனுடைய யோசனை.

"உள்ளதைச் சொல்லியே விக்கலாமே" என்றாள் மனைவி. உன் கிழங்கால் பட்டது போதாதா என்று அவன் எரிந்து விழுந்தான்.

காலையில் வியாபாரி போனில் என்ன தீவனம் என்று கேட்டபோதே, சுத்தமான மக்காச்சோளம் என்று அளந்துவிட்டிருந்தான். அப்படியா என்று அவர் குரல் இறங்கிப்போனது. சரி, வழியில்தானே, ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். அந்தக் குரல் வேறு அவனைக் குடைந்துகொண்டே இருந்தது.

வண்டி வந்து நின்றது. வியாபாரி ஒரு கோழியைத் தூக்கி, காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம்கூடக் கிழங்கு கலக்கலையா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்லண்ணே. கிழங்கு வாசனைகூட இதுங்களுக்குத் தெரியாது."

அவர் பெருமூச்சு விட்டுக் கோழியை இறக்கிவிட்டார். வண்டியைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

"நல்ல கோழிதான், என்ன பண்றது? கிழங்கு தின்ன கோழிதான் ருசின்னு ஒரு பெரிய ஓட்டல்ல ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. கால் வெளுத்திருக்கணும், அதான் அடையாளமாம். யாராவது வளர்த்தா சொல்லுங்க."

கணவன் கோழிகளின் மஞ்சள் கால்களைப் பார்த்தான். மனைவி விறுவிறுவென்று போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"உக்காருங்கண்ணே. ஏங்க, அந்த சோப்பை எடுங்க."