குடும்பத் தலைவர் நம்பர்

புதிய அரசியல் சட்டப்படி சம உரிமை வேண்டுகிற பெண்கள் இ-சேவை மையத்தில் கைரேகை வைத்தால் போதும் என்றார்கள். செண்பகவல்லி அரை நாள் லீவு போட்டுவிட்டு, வரிசையில் நின்று கைரேகை வைத்தாள்.

"வீட்டுக்காரர் நம்பருக்கு ஓடிபி போயிருக்கும்மா. கேட்டுச் சொல்லுங்க," என்றது கைரேகை வாங்கிய பேசும் இயந்திரம்.

"என் உரிமைக்கு அவர் நம்பர் எதுக்கு?"

"குடும்பத் தலைவர் நம்பர்தாம்மா பதிவாகியிருக்கு."

முன்னால் போனவர்களெல்லாம் சுவரோரம் நின்று, "ஏங்க, ஏங்க" என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இவளும் கணவன் தனசேகரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஓடிபி ஒண்ணு வந்திருக்கும், பாருங்க."

"சம உரிமைன்னு என்னமோ வந்துச்சு, அழிச்சிட்டேன்," என்றான் அவன். "அதான் உனக்கு எல்லா உரிமையும் நானே குடுத்திருக்கேனே, அப்புறம் இது வேற எதுக்கு?"