கடைசிப் பெட்டி

அறுபதுகளில் ஒரு டீத்தூள் கம்பெனி தன் ஏஜெண்டுகளுக்கு மட்டும் பரிசாகக் கொடுத்த பொம்மை ரயில் அது. தமிழ்ச்செல்வனிடம் கடைசிப் பெட்டி மட்டும் இல்லை. அந்தப் பெட்டி விற்பனைக்கு என்று பேப்பரில் விளம்பரம் பார்த்து, எஞ்சினோடு போத்தனூருக்கு வந்துவிட்டான்.

விளம்பரம் கொடுத்த செங்கோடன் அந்தக் கம்பெனியின் பழைய ஏஜெண்ட். பெட்டியை மாட்டிச் சாவி கொடுத்ததும் ரயில் மேஜையில் ஓடியது.

"எஞ்சினுக்கு அடியில 'ந'னு கீறியிருக்குதுங்களா?" என்று கேட்டார் செங்கோடன்.

"ஆமாங்க! உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"இதை எங்க வாங்குனீங்க கண்ணு?"

"வாங்கலீங்க. சின்ன வயசுல எங்கப்பா கொண்டாந்து குடுத்தாருங்க."

"அப்பா இருக்காருங்களா?"

"வெளிய கார்லதான் இருக்காருங்க. கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க."

"உள்ள கூப்புடுங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்."

தமிழ்ச்செல்வன் உற்சாகமாக வெளியே போனான்.

செங்கோடன் முன்பு குடியிருந்த உடுமலைப்பேட்டை வீட்டில் நகைக்காக நஞ்சம்மாளைக் கொன்றவன், அவள் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்திருந்த ரயிலையும் தூக்கிக்கொண்டு போயிருந்தான். கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன ஒரு பெட்டி மட்டும் அவள் கணவனுக்கு மிஞ்சியது. அன்றிலிருந்து வருஷம் தவறாமல் செங்கோடன் விளம்பரம் கொடுத்து வந்தார்.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. தேங்காய் வெட்டும் கொடுவாளைத் துண்டால் மூடிவிட்டு, செங்கோடன் எழுந்தார்.

"வாங்க, வாங்க."