அச்சரப்பாக்கம் மட்டும் வேண்டாம்

காலையில் குடித்த ஒரு டீ, ஏசுபாதத்தை மதியம் இரண்டு மணிவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. இனி இழுக்காது.

பசி. சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள், டச்சுக்காரன் கல்லறைகளை ஒட்டிய நிழலில், தன் காரை வாடகைக்கு எடுத்தவன் எப்போது கண்ணைத் திறப்பான் என்று காத்துக்கிடந்தான்.

எடுத்தவன் பெயர் ஹரிஹரன். கேளம்பாக்கத்தில் ஃப்ளாட், கம்ப்யூட்டர் வேலை. சண்டை நடந்த ஊராகத் தேடி, பிளேன் ஏறியும் போய், சப்பணமிட்டுக் கண்ணை மூடி உட்காருவான். மன நிம்மதிக்காம். இன்றைக்கு விரதம் வேறு. அவனுக்கு விரதம் என்றால் டிரைவருக்கும் விரதம்.

ஏசுபாதம் செய்யூர் உப்பளத்தில் வளர்ந்தவன். அங்கே யாரும் வேண்டுமென்றே வெயிலில் உட்கார்ந்ததில்லை. நாள் பூராவும் பாத்தியில் நின்ற அவன் அம்மாவுக்கு நிம்மதி என்பது, சாயங்காலம் வெடித்த காலில் ஊற்றிக்கொள்ளும் ஒரு குடம் நல்ல தண்ணீர். ஹரிஹரனுக்கு அதற்கும் பிளேன் டிக்கெட் வேண்டியிருக்கிறது.

ஹரிஹரன் கண்ணைத் திறந்து செல்லில் நேரம் பார்த்தான். இருபது நிமிட நிம்மதி.

"அடுத்து அச்சரப்பாக்கம் போலாம்ணா. அங்க மலைக்கோயில் ரொம்ப அமைதியா இருக்குமாம்."

ஏசுபாதத்துக்கு ஒரு நொடி பசி நின்றது.

பதினாறு வருடமாக வண்டி ஓட்டுகிறான். திண்டிவனம் போவான், திருச்சி போவான். அச்சரப்பாக்கம் வந்தால் ஜி.எஸ்.டி. ரோட்டோடு தாண்டிவிடுவான். ஊருக்குள் சவாரி என்றால் வேறு டிரைவரைக் கைகாட்டிவிடுவான்.

"அங்க இன்னா சார் கீது? நாலு ரைஸ் மில்லு, ஒரு பஸ் ஸ்டாண்டு. நிம்மதிக்கு எவன் சார் அங்க போவான்?"

"நான் யாழ்ப்பாணமே போய்ட்டு வந்தவண்ணா. ஒரு வீட்டுச் சுவத்துல இன்னும் குண்டு துளைச்ச ஓட்டை இருக்கு. அதுக்கு முன்னாடி உட்கார்ந்தேன் பாருங்க, மனசு அப்படியே லேசாயிடுச்சு."

ஓட்டையைப் பார்த்து லேசானானாம். துப்பலாம் என்றால் வாய் காய்ந்திருந்தது.

ஏசுபாதமும் யாழ்ப்பாணம் போயிருக்கிறான். இருபது வயதில், இந்திய அமைதிப்படையோடு, பட்டாள உடுப்பில், டிக்கெட் எடுக்காமல்.

அங்கேயும் ஒரு நாள் இதே பசி. ஒரு வீட்டு வாசலில் நின்று "தண்ணி கீதாம்மா?" என்றான். துப்பாக்கிக்காரன் வாயில் தமிழைக் கேட்டதும் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். மதுராந்தகம் பக்கம் என்றான்.

உள்ளே போனவள் புட்டும் மீன்குழம்புமாகக் கொண்டுவந்து வைத்தாள். அவன் வழித்துத் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். பிறகு ஒட்டிய உறை ஒன்றை நீட்டினாள்.

"என்ர மோன் உங்கட பக்கம்தான் தம்பி. அச்சரப்பாக்கத்தில அரிசி மில்லில நிக்கிறான். தபால் ஒண்டும் போகுதில்லை."

கட்டாயம் கொடுக்கிறேன் என்று சொல்லித்தான் கை கழுவினான்.

"மேப்ல ஒரு மணி நேரம்தாண்ணா காட்டுது." ஹரிஹரன் செல்லை அவன் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"வேற வண்டி வச்சிக்கோ சார். எனுக்கு வவுறு கூவுது."

சொல்லிவிட்டு வாசல் பீரங்கிகளைத் தாண்டி நடந்தான். அன்றைய சவாரி போயிற்று.

முதல் லீவில் தங்கச்சி கல்யாணம். அடுத்த லீவில் வெயில். அதற்கடுத்த லீவில், இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போய் நிற்பது என்றாகிவிட்டது. மதுராந்தகத்திலிருந்து ஒரே பஸ்.

கேளம்பாக்கத்துக்காரன் கடலைத் தாண்டிப் போய்க் கண்ணை மூடிவிட்டு வந்துவிட்டான்.

முப்பத்தேழு வருடமாக அந்த உறை டிரங்குப் பெட்டியில் பிரிக்காமல் கிடக்கிறது. அச்சரப்பாக்கம் அரிசி மில்லில் வேலை பார்த்த ஒருவனுக்கு, அவன் அம்மா எழுதிய ஒரு கடிதத்தை ஏசுபாதம் தர வேண்டும்.